மனு திரும்பி வரும் மேசை

(தருமபுரியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாளை மறுநாள் திங்கட்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஏரியூர்ப் பக்கத்திலிருந்தும் சித்தேரியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்தவர்கள் பத்து மணிக்கெல்லாம் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்குப் பட்டாவில் தகப்பனார் பெயர் தப்பாக ஏறியிருக்கிறது. ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. இன்னொருவர் நிலத்துக்குப் போகும் பாதையை யாரோ வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். மனுவை வாங்குவார்கள், எண் போடுவார்கள், ரசீது தருவார்கள். அதற்குப் பிறகு அந்த மனு எங்கே போகிறது? ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கு. மனுக்காரர் முதன்முதலில் எந்த மேசைக்கு எதிரே நின்று வேலை ஆகாமல் திரும்பினாரோ, அந்த மேசைக்கே மனு வந்து சேர்கிறது.

இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. மனு வேறெங்கே போக முடியும்? நிலத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டியவர் அவர்தான். ஆனால் இந்தச் சுற்றுப்பயணத்தைக் கூர்ந்து பார்த்தால் நம் நிர்வாகத்தின் கட்டுமானம் முழுவதும் தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் அரசு அலுவலகம் மேலே இருப்பவருக்குக் கணக்குக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டது. கீழே நிற்பவருக்குக் கணக்குக் காட்டும் வழி அதில் எப்போதுமே குறுகலானது. கீழே கோபம் பெருகும் போதெல்லாம் நாம் அந்த வழியை அகலப்படுத்துவதை விட்டுவிட்டு, மேலே இன்னொரு மாடி எழுப்புகிறோம். நிர்வாகம் வளர்வதன் ரகசியத்தில் பாதி இதுதான்.

இதற்குச் சான்று தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். சென்னை மாகாணத்தின் நிர்வாக முறைக்கு அடித்தளம் போட்ட இடங்களில் ஒன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர்.

ரீடும் மன்றோவும்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான், நம் பகுதி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் ஆட்சியராக வந்தார். அவருக்கு உதவியாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. வரி வசூலுக்கு ராணுவத்தார் எதற்கு? கம்பெனியின் சிவில் அதிகாரிகளில் ஊர் மொழி அறிந்தவர் அரிது. எனவே மொழி தெரிந்த ராணுவத்தாரை கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அனுப்பினார். மன்றோ 1799 வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் இந்தப் பகுதியில் இருந்தார், தருமபுரியிலேயே தங்கியிருந்தார்.

வங்காளத்தில் அப்போது ஜமீன்தார்களை வைத்து நிரந்தர வரித்திட்டம் நடந்துகொண்டிருந்தது. ரீடும் மன்றோவும் இங்கே வேறு வழிக்கு வந்து சேர்ந்தார்கள். இடையில் எவரும் வேண்டாம், உழுகிறவனோடு அரசே நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ரயத்துவாரி முறை அப்படி உருவெடுத்தது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஜமீன்தார் இருந்தால் அரசுக்கு ஒரு பெயரும் ஒரு தொகையும் தெரிந்தால் போதும். அவர் யாரிடம் எப்படி வசூலித்தார் என்பது அவர் பாடு. ஜமீன்தார் இல்லையென்றால் ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டும். மண் என்ன வகை, ஏரிப் பாசனமா கிணற்றுப் பாசனமா, யார் பேரில் இருக்கிறது, என்ன தீர்வை, இந்த வருடம் என்ன பயிர், பயிர் காய்ந்தால் எவ்வளவு தள்ளுபடி என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதக் கர்ணம், அவர் எழுதியதைப் பார்க்க ஒருவர், பார்த்தவரைச் சரிபார்க்க இன்னொருவர். இடையில் நிற்பவரை எடுத்துவிட்டால் நிர்வாகம் இளைத்துவிடும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். இங்கே நடந்தது நேர்மாறு. இடையில் நின்றவர் செய்த வேலை முழுவதும் அரசின் தலையில் ஏறியது. ஆட்களும் கட்டுக்கட்டாகக் காகிதமும் பெருகின.

மன்றோ போன பிறகு கம்பெனி மனம் மாறியது. 1800களின் தொடக்கத்தில் இந்தக் கிராமங்களை மிட்டா என்ற சிறு ஜமீன்களாகக் கட்டி விற்றது. அரசு தன் பாரத்தைக் கைகழுவப் பார்த்த முயற்சி அது. பல மிட்டாதார்கள் வரி கட்ட முடியாமல் விழுந்தார்கள். நிலம் மறுபடியும் அரசின் கைக்கே வந்தது. 1820இல் மன்றோ சென்னை ஆளுநரானார். 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் காலத்தில் ரயத்துவாரி சென்னை மாகாணத்தில் வேரூன்றிவிட்டது. இன்று நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பட்டாவும் சிட்டாவும் அந்த மரபின் பிள்ளைகள்.

ஏணியும் பதிவேடும்

இன்றைய தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்க் கோட்டங்கள் தருமபுரி, அரூர் என இரண்டு. தருமபுரி, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என ஏழு வட்டங்கள். கிராம உதவியாளரில் தொடங்கி ஆட்சியர் வரை ஒரு ஏணி. அதற்கும் மேலே சேப்பாக்கம் எழிலகம், அதற்கும் மேலே கோட்டை. இதற்குப் பக்கத்திலேயே வளர்ச்சித் துறையின் ஏணி: 251 ஊராட்சிகள், 10 ஊராட்சி ஒன்றியங்கள், வட்டார வளர்ச்சி அலுவலர்கள், திட்ட இயக்குநர். காவல்துறைக்கு, வனத்துறைக்கு, கல்வித்துறைக்கு, சுகாதாரத்துறைக்குத் தனித்தனி ஏணிகள். எல்லா ஏணிகளும் சாய்ந்து நிற்பது சென்னையின் மீது. ஓர் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் இடிந்தால் எந்த ஏணியில் ஏறுவது என்று கண்டுபிடிப்பதே அந்த ஊர்க்காரருக்குப் பாதி வேலை.

அலுவலகத்துக்கு உள்ளே வாருங்கள். தபால் வருகிறது. அதற்கு ந.க. எண் விழுகிறது. அ1, ஆ2 என்ற பிரிவுகளில் எந்த இருக்கைக்கு உரியதோ அங்கே போகிறது. அந்த உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் பதிந்து, கோப்புப் போட்டு, குறிப்பு எழுதுகிறார். கண்காணிப்பாளர் பார்க்கிறார், துணை வட்டாட்சியர் பார்க்கிறார், அப்புறம் வட்டாட்சியர் கையெழுத்து. முடிந்த கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதற்கும் விதி உண்டு. மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, சில கோப்புகள் நிரந்தரம். டாட்டன்ஹாம் முறை என்று நம் அலுவலகங்களில் இதைச் சொல்வார்கள். இப்போது கணினியில் மின் அலுவலகம் வந்துவிட்டது. ஆனால் கோப்பு நடக்கும் பாதை அதேதான்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இறந்த பிறகு, 1922இல் அவருடைய பெருநூல் முழுமையாக வெளிவந்தது. நவீன அலுவலகத்தின் இலக்கணத்தை அதில் எழுதியிருக்கிறார். எழுதப்பட்ட விதி, மேல் கீழ் என்ற அடுக்கு, கோப்பு, தகுதி பார்த்து நியமனம், மாதச் சம்பளம், பதவி வேறு பதவியில் இருப்பவர் வேறு என்ற பிரிவு ஆகியவை அதில் அடங்கும். இது நல்ல ஏற்பாடு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இன்றைக்கு இங்கே வந்திருக்கும் ஊழியர்களுக்குத் தெரியும். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கேட்டு நெருக்கும்போது, நேர்மையான ஓர் உதவியாளருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் கோப்பில் அவர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பு. விதிக்கு இடமில்லை என்று அவர் எழுதிவிட்டால், அதைத் தாண்டிக் கையெழுத்துப் போடுகிறவர் தன் பேரில் போட வேண்டும். பணியாளர் தேர்விலும் நமக்கு நல்ல முன்வரலாறு உண்டு. இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக 1929இல் தேர்வாணையம் கண்டது சென்னை மாகாணம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எவரும் தனியாக முடிவெடுக்க முடியாது என்பதால், எவரும் தனியாகப் பொறுப்பேற்கவும் மாட்டார். கேட்டால், “நோட் போட்டாச்சு, மேலே போயிருக்கு” என்பார் கீழே இருப்பவர். “கீழே இருந்து அறிக்கை வரல” என்பார் மேலே இருப்பவர். இரண்டுமே உண்மை. வரிசையில் நிற்பவருக்கு இரண்டாலும் பயனில்லை.

கணக்குப் பார்ப்பது யார்?

இவ்வளவு பெரிய அடுக்கைக் கட்டுப்படுத்துவது எப்படி? வெள்ளைக்காரன் காலத்தில் வேரூன்றி இன்றும் நடக்கும் ஒரு வழி ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்று இப்போது எழுதுகிறோம். பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. அது முடிவதற்குள், கோடைக் காலத்தில், ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும் பிர்க்கா வாரியாகக் கிராமக் கணக்குகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆட்சியரோ அவர் அனுப்பும் அலுவலரோ பயிர்க் கணக்கான அடங்கலைப் புரட்டிப் பார்ப்பார்; நிலம் அளக்கும் சங்கிலியையும் சோதிப்பார். சங்கிலி ஒரு கண்ணி குறைந்தால் ஊர் முழுக்க நிலம் கூடிவிடும் அல்லவா?

ஜமாபந்தியில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. கணக்கு எழுதியவரும் கணக்கைத் தணிக்கை செய்பவரும் நிலத்துக்காரரும் ஒரே இடத்தில், ஒரே நாளில் இருக்கிறார்கள். “என் கொல்லையில் சோளம் என்று எழுதியிருக்கிறதே, நான் போட்டது மரவள்ளி” என்று அங்கேயே சொல்ல முடியும். கொள்கை அளவில் சொல்கிறேன். நடைமுறையில் ஜமாபந்தியும் மனு வாங்கும் இன்னொரு நாளாகவே ஆகிவிட்டது. கணக்கைத் திறந்து காட்டு என்று கேட்பவர் மிகக் குறைவு.

அடுத்த செய்தி இதைவிடக் கசப்பானது. அதிகாரத்தை ஒரே கையில் குவிப்பதா, பிரித்து வைப்பதா என்பது நிர்வாகத்தின் பழைய வழக்கு. 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் மூலம் காவலையும் குற்றவியல் நடுவர் அதிகாரத்தையும் ஆட்சியரிடம் கொண்டுவந்து சேர்த்தவர் மன்றோ. மக்கள் ஒரே இடத்துக்குப் போனால் போதும், வேலை விரைவாக நடக்கும் என்பது அவர் நியாயம். நாற்பது ஆண்டுகளுக்குள் அதன் பலன் தெரிந்துவிட்டது. வரி வசூலிக்கிறவரே போலீசும் ஆனதால், வரி கொடுக்காதவரைச் சித்திரவதை செய்வது வழக்கமாகியிருந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையம் 1855இல் தந்த அறிக்கை அதை விரிவாகப் பதிவு செய்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் என்ற தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கைக்குள் ஏறியது அப்படித்தான். 1859இல் தனிக் காவல்துறைக்குச் சட்டம் வந்தது. குவித்தார்கள், கொடுமை நடந்தது, பிரித்தார்கள். பிரித்ததால் ஒரு துறை இரண்டானது. இதுவும் ஒரு வகை வளர்ச்சிதான், தேவையான வளர்ச்சி.

ஆனால் பிரித்து வைத்தால் மட்டும் போதுமா? அந்தக் கேள்விக்கான பதிலும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

வாச்சாத்தி

1992 ஜூன் 20. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி ஊர் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி அங்கே நுழைந்த கூட்டுப்படையின் கணக்கைப் பாருங்கள்: வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், மொத்தம் 269. வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மேலேயே சந்தனக் கடத்தல் வழக்கு.

மூன்று துறைகள். மூன்று தனித்தனி ஏணிகள். ஒன்று தவறினால் மற்றொன்று தடுக்கும் என்று நம்பித்தான் 1859இல் காவலைப் பிரித்தார்கள். அந்த நாளில் மூன்றும் ஒரே ஊரில் ஒன்றாகக் கைகோத்தன. உள்ளிருந்து உண்மையை மேலே கொண்டுபோன கோப்பு ஒன்றுகூட இல்லை. மூன்று ஏணிகளிலும் நின்றவர்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால், ஏணிகளின் எண்ணிக்கையால் என்ன காவல் கிடைக்கும்?

உண்மை வெளியே வந்தது ஏணிகளுக்கு அப்பாலிருந்து. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் வழக்கைத் தோளில் சுமந்தன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி அதே 1992இல் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தந்தார். அவரும் அரசு அதிகாரிதான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் மாநில அரசின் ஏணியில் நிற்காத அதிகாரி. 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேர் தண்டனை பெற்றார்கள். 19 ஆண்டுகள் அடையாள அணிவகுப்பிலும் கூண்டிலும் நின்று, பெயர் சொல்லி, முகம் காட்டிச் சாட்சி சொன்னவர்கள் அந்தப் பெண்கள்.

மேல்முறையீடு சென்னைக்குப் போனது. நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கு நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னார். அதோடு, அந்தக் காலத்தில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். பொறுப்பு என்பது ஏணியின் உச்சிப் படியைத் தொட 31 ஆண்டுகள் பிடித்திருக்கிறது. நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பாடப்புத்தகத்தைத் திறக்காமல் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

வளர்ச்சி இரண்டு வகை

இனி வளர்ச்சிக்கு வருகிறேன். 1956இல் தமிழ்நாட்டில் 13 மாவட்டங்கள். அதன் பிறகு முதலில் பிறந்த புது மாவட்டம் நம்முடையது; 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்தோம். 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் நம்மிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒரு ஆட்சியர் அலுவலகம் இருந்த பழைய சேலம் மாவட்டப் பரப்பில் இன்று நான்கு. மாநிலத்தில் 38.

இதை வீண் வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஒசூரிலிருந்து ஒருவர் சேலம் போய்வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்கு அலுவலகம் அருகில் வருவது ஆடம்பரம் ஆகாது. குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் காவியேறும். அளவு மேலும் கூடிப் பல ஆண்டு குடித்தால் எலும்பு வளையும். இதை எந்த ஊராட்சி தனியாகத் தீர்க்க முடியும்? 1971இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன், 1,928 கோடி ரூபாய்த் திட்டம், நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் எல்லாம் சேர்ந்துதான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தொடங்கிவைக்கப்பட்டது. 1982இல் சத்துணவு விரிவானபோதும் பணியாளர் எண்ணிக்கை பெருகியது. இவை மக்களின் தேவை அரசைப் பெரிதாக்கிய வளர்ச்சிகள். இந்த வகையைக் குறைக்கச் சொல்பவர் யாரோ, அவர் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது என்று பொருள்.

இரண்டாவது வகை, வேலை கூடாமலேயே ஆட்கள் பெருகும் வளர்ச்சி. அதைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் பார்க்கின்சன். சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். 1955இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கு வருகிறது. 1914இல் பெரிய போர்க்கப்பல்கள் 62, 1928இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்து அதிகாரிகள் 2,000இலிருந்து 3,569 ஆனார்கள். கப்பல் குறைந்தும் கோப்பு குறையவில்லை. அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. அதிகாரி தனக்குப் போட்டியாளரை விரும்ப மாட்டார், கீழே ஆட்களை விரும்புவார். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக் கொள்வார்கள்.

நம் ஊர் அனுபவத்தில் இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும்: அவநம்பிக்கை. கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஊரின் சில குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த நாற்காலியில் எல்லாச் சாதியினரும் பெண்களும் உட்கார வழி பிறந்தது. பெரிய மாற்றம் அது. ஆனால் பரம்பரைக் கர்ணத்தின் அதிகாரத்தோடு சேர்ந்து ஊர் நிலத்தைப் பற்றிய அவருடைய மனக்கணக்கும் போய்விட்டது. மாறுதலாகி வரும் புதியவருக்குப் பதிவேடு மட்டுமே கண். அந்தப் பதிவேடோ அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. யூடிஆர் என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் விழுந்த பிழைகளைத் திருத்த இன்றும் பேரப்பிள்ளைகள் அலைகிறார்கள். பிழையோ கிராமக் கணக்கில். திருத்தும் அதிகாரமோ கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே. ஒரே எழுத்துப் பிழை நான்கு அலுவலகங்களுக்கு வேலை தருகிறது.

வேலை ஆகாத மக்கள் புகார் சொன்னார்கள். ஒவ்வொரு ஆட்சியும் ஒரு புது வாசலைத் திறந்தது. மனுநீதி நாள், 2013இல் அம்மா திட்டம், 2021இல் முதல்வரின் முகவரி, பிறகு மக்களுடன் முதல்வர், 2025இல் உங்களுடன் ஸ்டாலின். மக்களுடன் முதல்வர் திட்டத்தின் ஊரகப் பகுதியை முதலமைச்சர் 2024 ஜூலை 11இல் தொடங்கிவைத்தது நம் பாளையம்புதூரில்தான். இந்த முகாம்களால் பயன் பெற்றவர்கள் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் வாசல்கள் எத்தனை ஆனாலும் உள்ளே இருக்கும் மேசை ஒன்றுதான். வாசலுக்கு வாசல் ஒரு கண்காணிப்புப் பிரிவு, ஒரு கணினித் தளம், ஒரு வாராந்திர ஆய்வுக் கூட்டம், ஒரு நிலுவைப் பட்டியல். எல்லாப் பட்டியலையும் நிரப்புகிறவர் அந்தக் கிராம நிர்வாக அலுவலர். அவருக்குப் பக்கத்துக் கிராமமும் கூடுதல் பொறுப்பு. மேலே கேட்பவர்கள் பெருகினார்கள். கீழே செய்பவர் ஒற்றை ஆள். மனு தீர்ந்ததா என்பதைவிட, தளத்தில் “முடிக்கப்பட்டது” என்று காட்டுகிறதா என்பது முக்கியமாகிவிடுகிறது. மனுக்காரருக்கு மட்டும்தான் தெரியும், முடிந்தது மனு, குறை முடியவில்லை என்று.

கணக்கைக் கீழே காட்டு

என்ன செய்வது? அதிகாரிகளைத் திட்டுவது எளிது. நான் மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது தகவல். 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. விலக்குகள் மிகுந்த சட்டம் என்றாலும் முன்னோடி. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அதன் நான்காம் பிரிவைப் பலர் மறந்துவிடுகிறோம். யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அலுவலகமும் தன் பணிகள், முடிவெடுக்கும் முறை, ஊழியர்களின் கடமைகள் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்கிறது அது. எந்த இருக்கையில் என் கோப்பு, எத்தனை நாளாக, யார் கையெழுத்துக்கு என்ற விவரம் மேலதிகாரியின் திரையில் தெரிகிறது. அதே திரை மனுக்காரர் பக்கமும் திரும்ப வேண்டும்.

இரண்டாவது காலக்கெடு. நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகம் 2011இல் சேவை உத்தரவாதச் சட்டம் இயற்றி, 2012இல் சகாலா என்று செயல்படுத்தியது. குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் குடிமகனுக்கு. தொகை சிறியது. ஆனால் தாமதத்துக்கு ஓர் இருக்கை பொறுப்பு என்று ஏட்டில் ஏறுகிறது. மேலதிகாரி கேட்பதற்குப் பதில் விண்ணப்பித்தவரே கேட்கிறார். தமிழ்நாட்டிலும் இத்தகைய சட்டத்துக்கான கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. கூடவே கீழே ஆட்களையும் நிரப்ப வேண்டும். இரண்டு ஊரை ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் காலக்கெடு விதிப்பது நியாயமில்லை.

மூன்றாவது நம்முடைய பங்கு. கிராமசபையில் ஊரக வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கை அறிக்கையை வாசிக்கும்போது எத்தனை பேர் உட்கார்ந்து கேட்கிறோம்? கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டால், அந்தக் கூட்டமும் மேலே அனுப்பும் இன்னொரு அறிக்கைதான்.

இனி எந்த அரசு எந்தப் புதுத் திட்டத்தை, புது ஆணையத்தை, புதுச் செயலியை அறிவித்தாலும், அதனால் செலவு எவ்வளவு, ஆட்கள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் சேரும் தகவல் மேலே மட்டும் போகிறதா, கீழேயும் வருகிறதா? மேலே மட்டும் போனால் அது இன்னொரு மாடி. கீழே வந்தால் அது கட்டுப்பாடு. தேவையால் வளரும் அரசை நாம் தாங்குவோம். அது நம் வரிப்பணத்தில் நமக்குச் செய்வது. நம்மை நம்பாமலும் தன் ஊழியரை நம்பாமலும் வளரும் அரசைத்தான் தாங்க முடியாது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு வயலையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதச் சொன்னவன் வரிக்காக எழுதச் சொன்னான். இன்று அந்தக் கணக்கு நம் உரிமைப் பத்திரம். அடுத்த ஜமாபந்திக்கு உங்கள் பிர்க்காவின் தேதி அறிவிக்கும்போது மனு எழுதிக்கொண்டு போகாதீர்கள். போய், “என் சர்வே எண்ணுக்கு இந்தப் பசலி அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் வியப்பாகப் பார்ப்பார்கள். ஊரே கேட்டால் வாசிப்பார்கள். வாசிக்க வேண்டி வரும் என்று தெரிந்தால் அடுத்த வருடம் சரியாக எழுதுவார்கள்.